கடலோர ஷேல் பாறையை விவரிப்பது எப்படி, பெயரிடுவது எப்படி: கிம்மரிட்ஜ் கரையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில், கிம்மரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கூரை வேய்ந்த கல்வீடுகள், ஒரு தேவாலயம், சரிவில் இறங்கினால் கடல். அவ்வளவுதான் ஊர். ஆனால் வட கடலில் எண்ணெய் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர் தெரியும். வட கடல் எண்ணெயில் பெரும்பங்கு ஊறி வந்தது ‘கிம்மரிட்ஜ் களி’ என்ற பாறையிலிருந்துதான். (களிமண் இறுகி ஏடு ஏடாகப் பிரியும் பாறைதான் ஷேல்.) ஒரு கடலோரப் பாறையை எப்படி விவரிப்பது, எப்படிப் பெயரிடுவது என்று சொல்லித்தர இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பெயர் நன்றாக நிலைத்த கதையும் இங்கே இருக்கிறது, அதே பெயரால் நூறு வருஷத்துக்கும் மேல் குழம்பிய கதையும் இருக்கிறது.

பலரும் பெயரில் தொடங்குகிறார்கள். பெயர் கடைசியில் வரவேண்டியது. நீங்கள் கூட இல்லாதபோது, உங்கள் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் அந்தக் கரைக்குப் போய், நீங்கள் சொன்ன அடுக்கின் அடிவிளிம்பில் விரலை வைக்க முடிய வேண்டும். அது முடிந்தால் விவரிப்பு தேறியது. பெயர் என்பது அந்த விவரிப்புக்கு ஒட்டுகிற சீட்டு.

ஒரு சொல்லை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: ஃபார்மேஷன். பாறையின் தன்மையால் தனித்துத் தெரிகிற, நிலப்படத்தில் எல்லை கீறிக் காட்டக்கூடிய அடுக்குத் தொகுதிக்கு இந்தப் பெயர். இதுதான் அடிப்படை அலகு. சில ஃபார்மேஷன்கள் சேர்ந்தால் குரூப். ஒரு ஃபார்மேஷனுக்குள் தனித்துத் தெரியும் பகுதி மெம்பர். அதற்கும் கீழே ஒற்றை அடுக்கு, அதாவது பெட்.

படி 1: கிளம்பும் முன்

கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். வற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருந்தால், தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க வேலை செய்யலாம். செங்குத்துப் பாறையின் காலடியில் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் ஏறிவர வழி இருக்காது. ஷேல் பாறைமுகம் மழைக்குப் பிறகும், நல்ல வெயிலில் காய்ந்த பிறகும் உதிரும். தலைக்கவசம் இல்லாமல் அடியில் உட்கார்ந்து எழுதாதீர்கள்.

அனுமதியும் முக்கியம். கிம்மரிட்ஜ் கரை 2001இல் உலகப் பாரம்பரியக் களமான ஜுராசிக் கடற்கரையின் ஒரு பகுதி. பாறைமுகத்தைச் சுத்தியலால் உடைக்கக் கூடாது. கிம்மரிட்ஜ் விரிகுடாவுக்கு மேற்கே பிராண்டி விரிகுடாப் பக்கம் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி எல்லைக்குள் வருகிறது. பயிற்சி இல்லாத நாளில்தான் போக முடியும். அடுக்கை அளக்கப் போகிறவர் பாறையை மட்டும் யோசித்தால் போதாது, பயிற்சி நாளில் ஏற்றும் சிவப்புக் கொடியையும் பார்க்க வேண்டும்.

கையில் வேண்டியவை: பத்து மடங்கு கைலென்ஸ், சாய்வு பார்க்கும் காம்பஸ், அளவு நாடா, நிற அட்டை, பத்து சதவீத நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் புட்டியில், பென்சில். பேனா வேண்டாம், காரணம் கடைசியில் வரும்.

படி 2: பாறையின் புதுமுகம் (புதிதாக உடைந்த பரப்பு) தேடுங்கள்

கடலோரத்தில் பாறை எப்போதும் வேஷம் போட்டிருக்கும். மேலே உப்பு பூத்திருக்கும், பாசி படர்ந்திருக்கும், ஈரத்தில் எல்லாம் கறுப்பாகத் தெரியும். மாணவனாக இருந்தபோது என் குறிப்பேட்டில் ‘கறுப்பு ஷேல், மெல்லிய அடுக்கு’ என்று பதினோரு இடத்தில் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் வெயிலில் போய்ப் பார்த்தால் அவற்றில் ஒன்றுகூடக் கறுப்பு இல்லை; சாம்பல், பழுப்பு, ஒன்று ஏறக்குறைய பச்சை. ஈரத்தில் பார்த்த நிறத்தை எழுதினால் ‘ஈரத்தில்’ என்று பக்கத்தில் போடுங்கள். காய்ந்த நிறத்தையும் எழுதுங்கள்.

அடியில் விழுந்து கிடக்கும் கட்டிகளைப் பிளந்து பார்ப்பது நல்லது, பாறைமுகத்துக்கும் சேதமில்லை. ஆனால் அந்தக் கட்டி எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தெரியாத கட்டியைப் பற்றி எழுதும் விவரம் ஒன்றுக்கும் உதவாது.

மஞ்சள் பொடியும், கண்ணாடித் துண்டு போன்ற ஜிப்சம் படிகங்களும் தென்பட்டால் அவை பாறையோடு பிறந்தவை என்று எழுதிவிடாதீர்கள். ஷேலுக்குள் இருக்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அது பாறையிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிறது. இதே சிதைவில் சூடும் பிறக்கும். கிம்மரிட்ஜுக்கு மேற்கே ரிங்ஸ்டெட் விரிகுடாவில் 1826இல் பாறைமுகம் தானே தீப்பற்றி, சில வருஷம் புகைந்துகொண்டே இருந்தது. அந்த இடத்துக்கு ‘எரியும் பாறைமுகம்’ என்றே பெயராகிவிட்டது.

படி 3: ஷேல்தானா?

களித்துகள் என்றால் 0.004 மில்லிமீட்டருக்கும் சிறியது. அதற்கு மேல் 0.0625 மில்லிமீட்டர் வரை வண்டல். கைலென்ஸில் இரண்டும் பிரிந்து தெரியாது. பல்லில் தெரியும். ஒரு துணுக்கை முன்பற்களுக்கு நடுவில் வைத்து மெல்லக் கடியுங்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. நறநறத்தால் வண்டல். கடலோரத்தில் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் கடற்கரை மணல் நறநறத்து உங்களை ஏமாற்றும்.

அடுத்தது பிளவு. ஓலைச்சுவடியைப் போல ஏடு ஏடாகப் பிரிந்தால் ஷேல். அதே நுண்ணிய துகளாக இருந்தும் கட்டி கட்டியாக உடைந்தால் மட்ஸ்டோன். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலும் மழையும் பட்ட முகத்தில் ஏடு ஏடாகப் பிரிகிற அதே அடுக்கு, துளையிட்டு எடுத்த புதுக் கோரில் (உருளைப் பாறைத்துண்டில்) ஒரே கட்டியாக உடையக்கூடும். ஆகவே ‘வெளிமுகத்தில் ஏடாகப் பிரிகிறது’ என்று எழுதுவது ‘ஷேல்’ என்று ஒரே சொல்லில் எழுதுவதைவிட நேர்மையானது. அப்புறம், ஒரு சென்டிமீட்டருக்கும் மெல்லியதாக இருந்தால் லாமினா, அதற்கு மேல் என்றால் அடுக்கு.

பிறகு அமிலம். சுண்ணாம்பு இருந்தால் சொட்டு விழுந்ததும் பொங்கும். டோலமைட்டாக (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கனிமம்) இருந்தால் அப்படியே கிடக்கும், கத்தியால் சுரண்டிப் பொடியாக்கினால் மெதுவாகப் பொங்கும். கிம்மரிட்ஜில் இந்த வித்தியாசம் பெரிது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கடினமான திட்டுகள் பலவும் டோலமைட் அடுக்குகள். மென்மையான ஷேலை அலை அரித்துவிட, இவை மட்டும் படிக்கட்டு போல நிற்கின்றன. ‘ஃபிளாட்ஸ்’ என்ற திட்டில் பெரிய பலகோண வடிவங்கள், விளிம்புகளில் பாறை மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். டோலமைட் உருவானபோது பாறை இடம் போதாமல் நெருக்கியதன் அடையாளம் அது. அதே வரிசையில் மேலே ‘வெள்ளைக் கல் பட்டை’ என்று ஒன்று உண்டு. அது சுண்ணாம்புக்கல், காக்கோலித் என்ற நுண்பாசித் தகடுகள் குவிந்து உண்டானது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெளிர் பட்டைகள்தான். ஒரு சொட்டு அமிலம் பிரித்துவிடும்.

கடலோரத்துக்கே உரிய ஒரு தவறு: சிப்பித் துணுக்கும் பார்னக்கிளும் ஒட்டிய இடத்தில் அமிலம் விட்டால் ஜோராகப் பொங்கும். அது நேற்றைய உயிரின் ஓடு, பாறை இல்லை. சுத்தமான இடத்தில் விட்டுப் பாருங்கள்.

படி 4: நிறம், கோடு, வாசனை

நிறத்துக்கு மன்செல் பாறை நிற அட்டை வைத்துக்கொள்ளுங்கள். ‘அடர் சாம்பல், என்3’ என்று எண்ணோடு எழுதினால் எந்த நாட்டில் படிப்பவருக்கும் ஒரே நிறம் கண்முன் வரும். பிறகு பாறையை மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துக் கோட்டின் நிறம் பாருங்கள். பழுப்புக் கோடு விழுந்தால் கரிமப் பொருள் நிறைய இருக்கிறது என்று சந்தேகப்படலாம். கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் ஒன்றாகச் சேரும் அடுக்கு கிம்மரிட்ஜில் உண்டு. பெயர் ‘பிளாக்ஸ்டோன்’, கருங்கல் என்று நாம் சொல்வதல்ல; எரியும் கல். எடை குறைவு, கோடு பழுப்பு, நெருப்பில் வைத்தால் புகையோடு எரிந்து கந்தக நாற்றம் அடிக்கும். ஊர்க்காரர்கள் இதை ‘கிம்மரிட்ஜ் நிலக்கரி’ என்று சொல்லி அடுப்பெரித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி நிலக்கிழார் சர் வில்லியம் கிளாவெல் இதை எரித்துப் படிகாரமும் கண்ணாடியும் செய்யப் பார்த்தார். அதற்கும் வெகு முன்பு, இரும்புக்காலத்திலும் ரோமானியர் காலத்திலும், இந்த ஷேலைக் கடைந்து வளையல் செய்தார்கள். கடைசல் முடிந்து நடுவில் மிஞ்சிய வட்டத் துண்டுகள் வயல்களில் கிடைக்க, பின்னால் வந்தவர்கள் பழங்காலக் காசு என்று நினைத்து ‘நிலக்கரிக் காசு’ என்றார்கள். பார்த்ததை வைத்து ஊகித்துப் பெயரிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதை நான் அடிக்கடி சொல்வேன்.

படி 5: அளப்பது

கீழிருந்து மேலே அளந்து போங்கள். படிந்த வரிசையும் அதுதான். ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுங்கள், தடிமன் எழுதுங்கள், மேல் விளிம்பு பளிச்சென்று வெட்டினாற்போல இருக்கிறதா, மெல்ல மாறுகிறதா என்று எழுதுங்கள்.

பாறைமுகத்தில் நாடாவை நேராகத் தொங்கவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் வற்றத்தில் வெளிப்படும் சமதளக் கரையில் அடுக்குகள் லேசாகச் சாய்ந்து வரிவரியாகக் கிடக்கும்போது, நடந்த தூரமும் தடிமனும் ஒன்றல்ல. அடுக்கு வரிகள் ஓடும் திசைக்குச் செங்குத்தாக 100 மீட்டர் நடந்தீர்கள், சாய்வு 3 பாகை என்றால், உண்மையான தடிமன் நூறு பெருக்கல் சைன் 3, அதாவது 5.2 மீட்டர். சாய்வை ஒரு பாகை தவறாகப் படித்து 4 என்று எழுதினால் 7 மீட்டராகிவிடும். மெல்லிய சாய்வில் காம்பஸ் பிழை எவ்வளவு செலவு வைக்கிறது பாருங்கள். ஐந்தாறு இடத்தில் படித்துச் சராசரி எடுங்கள்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. அளவுகள் நானாகப் போட்டவை (அம்மோனைட் என்பது அற்றுப்போன, சுருள் ஓடுள்ள கடலுயிர்):

“அடுக்கு 7. தடிமன் 0.85 மீ. களிக்கல், சிறிது வண்டல் (பல்லில் லேசாக நறநறக்கிறது). காய்ந்த புதுமுகம் அடர் சாம்பல், என்3, ஈரத்தில் கறுப்பு. வெளிமுகத்தில் 1 முதல் 3 மி.மீ. ஏடுகளாகப் பிரிகிறது. அமிலத்தில் மெல்லப் பொங்குகிறது. கோடு பழுப்பு. நசுங்கிய அம்மோனைட்டுகள் ஏட்டின் மேல்முகத்தில், பெரும்பாலும் அடியிலிருந்து 0.3 மீட்டருக்குள். அடி: அடுக்கு 6இன் டோலமைட் மேல், வெட்டினாற்போல. மேல்: 10 செ.மீ.க்குள் வெளிர் மட்ஸ்டோனாக மாறுகிறது.”

இதில் ‘அழகிய’, ‘மிகப் பழமையான’ என்று ஒரு சொல்லும் இல்லை. வேண்டியதும் இல்லை.

படி 6: அடியும் மேலும்

புதியவர்கள் அசட்டையாக இருக்கும் இடம் இது. ஒரு ஃபார்மேஷனுக்கு நடுப்பகுதியை விவரிப்பது சுலபம். எல்லை கீறுவதுதான் வேலை. அடி எங்கே, மேல் எங்கே, கீழே எந்தப் பாறை, மேலே எந்தப் பாறை, மாற்றம் திடீரென்றா மெதுவாகவா, இவற்றை ஒரு குறிப்பிட்ட இடத்தில் காட்ட வேண்டும். அந்த இடத்துக்கு மாதிரி வெட்டுமுகம் என்று பெயர். அதன் இருப்பிடத்தை ஜிபிஎஸ் எண்ணோடு மட்டும் நிறுத்தாமல், வழி சொல்வது போலவும் எழுதுங்கள்.

கிம்மரிட்ஜ் களியின் மாதிரிக் கரை பிராண்டி விரிகுடாவிலிருந்து கிழக்கே சாப்மன்ஸ் பூல் வரை நீள்கிறது. ஆனால் அதன் அடிப்பகுதி இங்கே தரைக்கும் கடலுக்கும் கீழே போய்விட்டது; அடி எல்லையைப் பார்க்க ரிங்ஸ்டெட் பக்கம் போக வேண்டும். மேல் எல்லை சாப்மன்ஸ் பூல் அருகே ஹவுன்ஸ்டவுட் குன்றில், களி கொஞ்சம் கொஞ்சமாக வண்டலாகி, போர்ட்லாந்து மணல் என்ற அடுத்த ஃபார்மேஷனுக்குள் கலக்கிறது. டார்செட் கரையில் மொத்தத் தடிமன் சுமார் 500 மீட்டர். ஒரே இடத்தில் முழுவதும் தெரியாத பாறைக்கு இப்படித் துணை வெட்டுமுகங்கள் சேர்ப்பது வழக்கம். 1990களில் ஸ்வான்வொர்த் கல்குவாரியிலும் மெத்தர்ஹில்ஸிலும் துளையிட்டுக் கோர் எடுத்து, கரையில் தெரியாத பகுதியையும் அளந்தார்கள்.

கடலோர வெட்டுமுகத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. கிம்மரிட்ஜ் விரிகுடாவின் கிழக்கே நிற்கும் 1830இன் கிளாவெல் கோபுரத்தை, பாறைமுகம் இடிந்து அருகே வந்துவிட்டதால், 2006 முதல் 2008 வரை கல் கல்லாகப் பிரித்து 25 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். உங்கள் அடுக்கு 7 பத்து வருஷத்தில் கடலில் இருக்கலாம். நல்ல படம் எடுங்கள், படத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

படி 7: புதைபடிவங்கள்

எழுதுங்கள், ஆனால் அவற்றை வைத்து ஃபார்மேஷனை வரையறுக்காதீர்கள். ஃபார்மேஷன் பாறையின் தன்மையால் நிற்பது. அம்மோனைட்டுகளை வைத்துப் பிரிப்பது வேறு வகை, அதற்கு உயிர் மண்டலம் என்று தனிப்பெயர் உண்டு. கிம்மரிட்ஜ் களியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கீழ்ப்பகுதியில் ஆலகோஸ்டெஃபானஸ் வகை, மேற்பகுதியில் பெக்டினாடைட்டிஸ் வகை. பாறை மாறாமலே அம்மோனைட் மாறிவிடுகிறது.

பெரிய எலும்பு கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். 2022இல் இங்கே கரையில் கிடந்த ஒரு மூக்கு நுனியைப் பின்தொடர்ந்துதான், பாறைமுகத்தின் உயரத்தில் இருந்த இரண்டு மீட்டர் நீள பிளையோசர் (பழங்காலக் கடல் ஊர்வன) மண்டையோட்டை எடுத்தார்கள். ட்ரோன் பறக்கவிட்டுத்தான் மீதி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த மண்டையோடு இப்போது ஊரிலேயே இருக்கும் எட்சஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளம்பராக வேலை பார்த்துக்கொண்டே பல பத்தாண்டுகள் சேகரித்த ஸ்டீவ் எட்சஸின் சேகரிப்புக்கான அருங்காட்சியகம் அது, 2016இல் திறந்தது.

படி 8: இப்போது பெயர்

அமைப்பு எளிது: ஊர் அல்லது இடப்பெயர், அப்புறம் பாறை வகை, அப்புறம் தகுதி. கிம்மரிட்ஜ் + களி + ஃபார்மேஷன். பாறை வகையை விட்டுவிட்டு இடப்பெயரோடு ஃபார்மேஷன் என்று மட்டும் சொல்வதும் உண்டு. அடுக்குகள் பலவகை கலந்திருந்தால் அதுவே நல்லது.

இடப்பெயர் நிலப்படத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு பாறைக்குப் போயிருக்கக் கூடாது. இதைத் தேடாமல் விடுவதுதான் பெரிய பாவம். பிரிட்டனில் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் பெயரகராதி இருக்கிறது. இந்தியாவில் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் வெளியீடுகளில் தேட வேண்டும்.

குணத்தையோ பயனையோ வைத்துப் பெயரிட்டால் என்னாகும்? ஸ்காண்டிநேவியாவில் ‘படிகார ஷேல்’ ஃபார்மேஷன் என்று ஒன்று இருக்கிறது, கேம்பிரியன், ஆர்டோவிசியன் காலத்தது. இங்கிலாந்தில் யார்க்ஷயர் கரையில், விட்பி அருகே, ‘படிகார ஷேல்’ மெம்பர் என்று இன்னொன்று இருக்கிறது, ஜுராசிக் காலத்தது. இரண்டுக்கும் நடுவே முப்பது கோடி வருஷம். இரண்டிலும் படிகாரம் எடுத்தார்கள், அதனால் அப்படிப் பெயர். ஊர்ப் பெயர் வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆங்கிலேய நிலவியலாளர் வில்லியம் ஸ்மித் கிம்மரிட்ஜ் களியை ‘ஓக் மரக் களி’ என்றுதான் முதலில் அழைத்தார். ஓக் எந்தக் களிமண்ணிலும் வளரும். அந்தப் பெயர் நிற்காமல் போனது நல்லதுக்கே.

முதலில் அச்சேறிய பெயருக்கு முன்னுரிமை உண்டு. கிம்மரிட்ஜ் ‘களி’யில் பெரும்பகுதி ஷேலும் மட்ஸ்டோனும்தான். யாராவது இன்று ‘கிம்மரிட்ஜ் மட்ஸ்டோன்’ என்று திருத்தலாம், தர்க்கமாகவும் இருக்கும், ஆனால் இருநூறு வருஷ எழுத்தில் பாதியைத் தேட முடியாமல் போகும். எழுத்துக்கூட்டலும் அப்படியே. நம் ஊரிலேயே இது நடந்தது. திருச்சிப் பகுதியின் கடற்படிவுகளை 1862இல் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அந்த ‘ஊட்டத்தூர்’ ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதப்பட்டு, தேடுகிறவர்களை இன்றும் அலையவிடுகிறது. அதற்குள் வரும் காரை ஷேலும் ஒரு இடத்தில் களி, ஒரு இடத்தில் ஃபார்மேஷன். இங்கிலாந்து போக வழியில்லாதவர்கள் பெரம்பலூர் மாவட்டத்தின் காரைக்குப் போய் மேலே சொன்ன படிகளைப் பழகலாம். இன்று கடல் இல்லை, ஆனால் கடலடிக் களிதான். ஜிப்சம் நரம்புகளும் பெலெம்னைட்டுகளும் (கணவாய் போன்ற உயிரின் தோட்டா வடிவப் புதைபடிவங்கள்) தரையிலேயே கிடக்கும், ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும் பயமும் கிடையாது.

படி 9: பாறைப் பெயரும் காலப் பெயரும்

நூறாண்டுக் குழப்பம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். கிம்மரிட்ஜ் களி பாறையின் பெயர். கிம்மரிட்ஜியன் காலத்தின் பெயர். ஊர் ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்தார்கள். ஆங்கிலேயர்கள் களி முடிகிற இடம் வரை கிம்மரிட்ஜியன் என்றார்கள். ஐரோப்பியக் கண்டத்தில் அதற்கு முன்பே முடித்துவிட்டு, மேலே வருவதை டைத்தோனியன் என்றார்கள். ஒரே சொல்லை இருவரும் இரு நீளத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்று சர்வதேச வழக்கில் இரண்டாவதே நிற்கிறது. ஆக கிம்மரிட்ஜ் களியின் மேற்பகுதி கிம்மரிட்ஜியன் இல்லை. இன்னும் வேடிக்கை, கிம்மரிட்ஜியன் காலத்தின் தொடக்கத்தைக் காட்டும் அதிகாரபூர்வ இடம் கிம்மரிட்ஜிலேயே இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், ஃபிளோடிகாரி என்ற கரையில் 2021இல் அங்கீகரிக்கப்பட்டது.

ஆகவே உங்கள் ஃபார்மேஷனின் பெயரிலோ வரையறையிலோ காலத்தைப் புகுத்தாதீர்கள். காலத்தைத் தனிப் பத்தியில், ஆதாரத்தோடு எழுதுங்கள். பயனையும் தனியே எழுதுங்கள், ஊகிக்காமல். கிம்மரிட்ஜ் விரிகுடாவின் மேட்டில் ஒரு எண்ணெய் எடுக்கும் பம்பு 1960களின் தொடக்கத்திலிருந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர் எவரும் காலடியில் இருக்கும் கிம்மரிட்ஜ் களியின் எண்ணெய் என்றுதான் நினைப்பார். இல்லை. இங்கே அந்தக் களி எண்ணெய் தரும் அளவுக்குச் சூடேறவே இல்லை. கிணறு எடுப்பது ஆழத்திலுள்ள விரிசல் விட்ட சுண்ணாம்புக்கல்லிலிருந்து. அந்த எண்ணெய் ஊறியது அதற்கும் கீழே, லயாஸ் என்ற இன்னும் பழைய ஷேலில்.

படி 10: அச்சும் மாதிரியும்

பெயர் முறைப்படி நிற்க, அதை ஒரு அறிவியல் இதழில் வெளியிட வேண்டும்: பெயரின் மூலம், தகுதி, மாதிரி வெட்டுமுகம், அடி மேல் எல்லைகள், பாறை விவரம், தடிமன், பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தொடர்கிறது, புதைபடிவம், காலம், முன்பு யார் என்ன பெயரில் அழைத்தார்கள் என்பது. அதுவரை பெயரை முறைசாராதது என்று தெரியும்படி எழுதுங்கள்.

ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த துண்டுகளை ஒரு அருங்காட்சியகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படைத்து, பதிவெண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். ஷேல் காய்ந்தால் ஏடு ஏடாக உதிர்ந்துவிடும். ஈரம் இருக்கும்போதே இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். சீட்டை உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக வையுங்கள், பென்சிலால் எழுதி. பேனா மை உப்பு ஈரத்தில் ஒரே இரவில் கரைந்து, காலையில் பையைத் திறந்தால் வெறும் நீலக் கறை மட்டும் இருக்கும்.